மகள் காட்டு வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள்: என்ன படிக்க வைக்கலாம்?

"பிளஸ் டூ உயிரியல் எடுத்திருக்கிறாள், நீட் வேண்டாம், தேசியப் பூங்காவில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள், பயமாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வேலை என்னவென்று முதலில் பாருங்கள் அம்மா. புலியைப் பார்க்கும் நேரம் அதில் மிகக் குறைவு. பெரும்பகுதி செடி, புல், தண்ணீர், தீ.

முதுமலைப் புலிகள் காப்பகத்தையே எடுத்துக்கொள்வோம். 688 சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்கே பெரிய தலைவலி உண்ணிச்செடி (லாண்டானா) என்ற அயல் களைப் புதர். அது மூடிய இடத்தில் புல் வளராது. புள்ளிமானுக்கும் காட்டுமாட்டுக்கும் மேய்ச்சல் குறையும். தரைமட்டத்தில் வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணைக் கிளறிப் பிடுங்கினாலோ புதைந்து கிடக்கும் விதையெல்லாம் முளைத்துவிடும். அதனால் மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை மட்டும் அறுத்து, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுவார்கள். காய் பிடிப்பதற்குள் இதை முடிக்க வேண்டும். பறவைகள் வந்தமரும் மரங்களுக்கு அடியில் எச்சத்திலிருந்து கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். அவற்றை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் களைய வேண்டும், வெற்றிடத்தில் உள்ளூர்ப் புல்லை வளர்க்க வேண்டும். அகற்றிய ஆண்டோடு பணமும் கவனமும் நின்றுபோனால் செய்ததெல்லாம் வீண்.

அதே காட்டில் மஞ்சள் பூ பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல் மரமும் பரவியிருக்கிறது. வளர்ந்த மரத்தை அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் கிளம்பும். எனவே மரத்தை நிற்க வைத்தே அடிப்பட்டையை முழுக்க உரித்துக் காயவிடுவதும் உண்டு. சிறு கன்றை வேரோடு பிடுங்கலாம். கோடைக்கு முன் தீ பரவாமலிருக்கப் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றுவது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் கேமரா வைப்பது என்று மற்ற வேலைகள். தண்ணீர்த் தொட்டிகூட அளவோடுதான் வேண்டும். ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் தண்ணீர் கிடைத்தால் மேயும் விலங்குகள் அங்கேயே குவிந்து, சுற்றுவட்டப் புல் கட்டாந்தரையாகிவிடும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் உங்கள் மகளுக்கு ஆசை குறையவில்லை என்றால் தாராளமாக அனுப்புங்கள்.

முதல் வழி, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நான்காண்டு பி.எஸ்சி. வனவியல். சேர்க்கையைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடத்துகிறது, நீட் தேவையில்லை. முடித்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி வனப் பாதுகாவலர் தேர்வையும், யு.பி.எஸ்.சி.யின் இந்திய வனப்பணித் தேர்வையும் எழுதலாம். வனப்பணிக்கு வனவியல்தான் வேண்டும் என்பதில்லை. தாவரவியல், விலங்கியல், வேதியியல், கணிதம், பொறியியல், வேளாண்மை படித்தவர்களும் எழுதலாம். முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். தேர்வோடு சேர்ந்தது. எழுத்துத் தேர்வில் தேறினாலும் நடைத்தேர்வு உண்டு: நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கி.மீ., பெண்கள் 14 கி.மீ. நடக்க வேண்டும். இடங்கள் நாடு முழுக்க 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு 150 அளவில்தான் இருந்தன என்பதால், இதை மட்டுமே நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம்.

ஆராய்ச்சியில் நாட்டம் என்றால் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலோ டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலோ வனவிலங்கு பற்றிய முதுகலை படிக்கலாம். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் (என்.சி.பி.எஸ்.) அந்தப் படிப்பு இருக்கிறது. இந்த வழியில் முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். திட்டம் முடிந்தால் சம்பளமும் நிற்கும். வீட்டில் அதைத் தாங்க முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

வேளாண் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வனவியலை முதல் விருப்பமாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஓர் ஆண்டைச் சும்மா கழிக்காமல், அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் சேர்த்துவிடுங்கள். காட்டில் புல்லையும் களையையும் பிரித்தறிய அந்தப் படிப்பு நேரடியாகக் கைகொடுக்கும். வனப்பணித் தேர்விலும் தாவரவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.