பூட்டின வீட்டில் டேட்டா ஓடுமா?

கேள்வி: மாதம் 500 ஜிபி ஃபைபர் பிளான் போட்டிருக்கிறோம். தங்கை கல்யாணத்துக்காக ஒரு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு மதுரை போனோம். திரும்பி வந்தால் நெட் ஆமையாய் நகர்கிறது. போன் போட்டுக் கேட்டால், "லிமிட் முடிஞ்சிருச்சு மேடம், சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது" என்கிறார்கள். அந்தக் கணக்கை எனக்குக் காட்டச் சொல்ல முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் மேடம்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு குட்டி மீட்டர் இருக்கும். வரிசையாகப் போட்டோ எடுத்து, அதில் தெரியும் எண்ணை வைத்துத்தான் பில். "இத்தனை கால் நான் பேசவே இல்லையே" என்று சண்டைக்கு வருகிறவரிடம் காட்ட, லோக்கல் காலுக்கு அந்த எண்ணைத் தவிர எங்களிடமே ஒன்றும் கிடையாது. இன்றைக்கு அந்தச் சாக்கு செல்லாது. உங்கள் இணைப்பு எப்போது லாகின் ஆனது, எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஏறியது எல்லாம் அவர்கள் சர்வரில் பதிவாகிறது. பல நிறுவனங்களின் ஆப்பிலேயே 'யூசேஜ்' பக்கம் இருக்கும். இல்லாவிட்டால் தேதிவாரிக் கணக்கு கேட்டு மெயில் போடுங்கள். லிமிட்டில் 50, 90, 100 சதவீதம் தொடும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2016-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. அந்த எஸ்எம்எஸ் வந்ததா, எந்தத் தேதியில் வந்தது என்றும் தேடிப் பாருங்கள்.

கணக்கு கைக்கு வந்ததும் நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் 'அப்லோட்' எவ்வளவு என்று பாருங்கள். டவுன்லோடைவிட அது அதிகமாக இருந்தால் ஒரு சந்தேகம்: வாசலில் சிசிடிவி மாட்டியிருக்கிறீர்களா? 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் கிளவுடுக்கு (இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு) வீடியோ அனுப்பும் கேமரா ஒன்று, ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும். இரண்டு கேமரா என்றால் ஒரு வாரத்தில் 300 ஜிபி. கல்யாண வீட்டில் நீங்கள் பந்தி பரிமாறிக்கொண்டிருக்க, இது இங்கே தனியாகச் சாப்பிட்டிருக்கலாம்! அப்படியென்றால் ஆள் நடமாடினால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றிவிடுங்கள். கேமராவே இல்லை, அப்லோடும் இல்லை, ஆனாலும் டேட்டா ஓடியிருக்கிறது என்றால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் புகார் கொடுங்கள். டாக்கெட் நம்பர், அதாவது புகார் பதிவு எண், வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக அந்த நம்பர்தான் வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ப்ரீபெய்டு மொபைலுக்கும் கணக்கு கேட்கலாம். கடந்த ஆறு மாதத்துக்குள் எந்தக் காலத்துக்கு வேண்டுமானாலும், கட்டணம் 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. என் மனைவியின் எண்ணுக்கு இப்படி வாங்கிப் பார்த்தபோதுதான், யாரும் கேட்காத ஒரு காலர் ட்யூன் மாதாமாதம் காசு பிடுங்குவது தெரிந்தது. இப்படிப்பட்ட கூடுதல் சேவைகளை நிறுத்துவதற்கான 155223 எண்ணுக்குப் பேசி நிறுத்தினோம்.