உடன் வேலை செய்பவர்களை ‘அண்ணா’, ‘அக்கா’ என்று கூப்பிடுவது தவறா?

ஆபீஸில் எல்லோரும் பேர் சொல்லிக் கூப்பிடும்போது நீங்கள் மட்டும் அண்ணா, அக்கா என்பதால் ‘பட்டிக்காடு’ என்கிறார்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக ஐடி கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணாக இருப்பீர்கள். அந்த உலகம் எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகள். ஆனால் அந்த ‘பட்டிக்காடு’ என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

பத்தாவது முடித்ததும் கைமடியாக வேலைக்குச் சேர்ந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து, பிசிர் நூலை வெட்டி, மடித்து அடுத்த மிஷினுக்குக் கொடுக்கும் வேலை. டெய்லரைவிடச் சம்பளம் குறைவு. எனக்கு வாய்த்த ஓவர்லாக் டெய்லர் உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா. சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, மீதி நேரம் என்னை மிஷினில் உட்கார வைத்துக் கழிவுத் துணியில் தைக்கப் பழக்கியது அவர்தான். சொல்லிக் கொடுத்தால் நாளைக்குத் தன் மிஷினுக்கே நான் போட்டியாக வரலாம். அது தெரிந்தும் சொல்லிக் கொடுத்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

பின்னால் நானும் டெய்லராகி, வேறு ஒரு கம்பெனிக்கு மாறினேன். அந்த அக்காவும் அங்கேயே வந்து சேர்ந்தார். அங்கே புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், வயதில் எங்களையெல்லாம்விடச் சின்னவர். தன்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். சரி, கூப்பிட்டோம். ஆனால் அவர் எங்களைக் கூப்பிட்ட விதம் வேறு. கைமடிப் பெண்களுக்குப் பேரே கிடையாது, “ஏ கைமடி” தான். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது, அவரையும் வா, போ என்றுதான் பேசினார். ஒருநாள் பீஸ் குறைந்துவிட்டது என்று லைன் முழுக்கக் கேட்க அவரைத் திட்டினார். நான் எழுந்து, “அக்கான்னு கூப்பிடுங்க, இல்லைன்னா பேரைச் சொல்லி வாங்க போங்கன்னு பேசுங்க. ரெண்டுல ஒண்ணு” என்றேன். அவர் பதில் பேசவில்லை. அந்த வாரம் எனக்கு ஒன்றரை ஷிப்ட், அதாவது ஓவர்டைம், கொடுக்கவில்லை, சனிக்கிழமை சம்பளத்தில் அந்தக் காசு குறைந்தது. அக்கா தனக்குக் கிடைத்த ஒன்றரை ஷிப்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னோடு கிளம்பி வந்தார். அதற்கப்புறம் எங்கள் லைனில் “ஏ கைமடி” என்ற சத்தம் கேட்கவில்லை.

ஒன்றரை ஷிப்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். ஆனால் ஒன்றரை ஷிப்ட் என்பதே 12 மணி நேரம்தானே? ஆர்டர் நெருக்கடி வந்தால் எங்கள் ஊரில் அது வழக்கம். காலையில் போனால் பிள்ளைகள் தூங்கின பிறகுதான் வீடு. அதைப் பற்றி யாரும் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

‘உறவுமுறை சொல்லிச் சொல்லியே நம் வாயை அடைத்துவிடுவார்கள்’ என்று இதற்குக் கீழே யாராவது எழுதக்கூடும். முதலாளி ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்றால் எனக்கும் கோபம்தான் வரும், தீபாவளி போனஸ் பேசும்போது அவர் கணக்கை மட்டும்தான் பார்க்கிறார். நான் பேசுவது பக்கத்து மிஷினில் இருப்பவர்களைப் பற்றி. அப்புறம், அண்ணா என்று கூப்பிட்டால் ஆண்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அதற்கு, வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். உங்கள் ஆபீஸில் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் லைனில் பீகார், ஒடிசாப் பிள்ளைகள் நிறைய. என்னை ‘தீதி’ என்கிறார்கள். அதுவும் அக்காதான். வந்த புதிதில் பாஷை தெரியாமல் பயந்து நின்ற பிள்ளைகளுக்கு என்னிடம் வந்து சந்தேகம் கேட்க அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

உங்கள் ஆபீஸில் ஒருவர் ‘என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு’ என்றால் அப்படியே கூப்பிடுங்கள், அது அவர் விருப்பம். வேண்டாம் என்று சொல்லாதவர்களை உங்கள் வாய்க்குப் பழகியபடி அண்ணா, அக்கா என்றே கூப்பிடுங்கள். பட்டிக்காடு என்றவரிடம் மட்டும், அப்படிச் சொல்வது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நாலு பேர் இருக்கும்போதே சொல்லுங்கள்.