பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பரம ஏழைக்கு ஏன் எட்டுவதில்லை?

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மாதிரியான சமூகக் காப்பீடு ஏழைகளுக்குத்தானே, வெளிநாட்டிலாவது அவர்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயரில்தான் குழப்பம். சந்தா கட்டியவருக்கே பலன் என்பதுதான் அதன் அடிப்படை. 1883-ல் ஜெர்மனி இதை ஆரம்பித்தபோதும் ஆலைத் தொழிலாளிகளை மனதில் வைத்துத்தான். இங்கே இ.எஸ்.ஐ.க்குப் பொதுவாக 10 பேர், பி.எஃப்.புக்கு 20 பேர் வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் நிரந்தர வேலையில் இருப்பவருக்குச் சம்பளச் சீட்டு இருக்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் உட்கார்ந்து மல்லிகை கட்டும் அக்காவுக்கு? முதலாளி யார் என்றே சொல்ல முடியாது. அப்புறம் சந்தாவில் முதலாளி கட்ட வேண்டிய பங்கை யார் கட்டுவது?

பல ஏழை நாடுகளிலும் இதே கதைதான்: ஏழைகளில் பெரும்பாலோர் சம்பளப் பதிவேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். பிரேசில் கொஞ்சம் மாற்றி யோசித்தது. கிராமத்து உழைப்பாளியிடம் சந்தா ரசீது கேட்காமல், வயலில் உழைத்ததற்கான சான்றை வைத்தே குறைந்தபட்ச ஊதிய அளவுக்கு ஓய்வூதியம் தருகிறது. தாய்லாந்து 2002-ல், வேறு காப்பீடு இல்லாதவர்களின் மருத்துவச் செலவை வரிப்பணத்துக்கு மாற்றிவிட்டது.

நம் கட்டடத் தொழிலாளர் நலவாரியமும் கெட்டிக்கார ஏற்பாடுதான். முதலாளியைத் தேடி அலையாமல் கட்டுமானச் செலவிலேயே 1% வசூலிக்கிறார்கள். ஆனால் சித்தாள் வேலைக்குப் போகிறவர் பதிவு செய்து, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதிப் பேர் அங்கேதான் விடுபடுகிறார்கள் என்பது என் எண்ணம்.