உளுந்தை நிறுத்தினால் தளபதி இறங்குவாரா?

கேள்வி: மியன்மாரில் 2021 முதல் ராணுவம் மக்களைக் கொன்று குவிக்கிறது. நாமோ அங்கிருந்து கப்பல் கப்பலாக உளுந்து வாங்குகிறோம். வியாபாரத்தை அடியோடு வெட்டிவிட்டு, வெளியேற நினைக்கும் இளைஞர்களுக்கு மற்ற நாடுகள் கதவைத் திறந்துவிட்டால், காசும் இல்லாமல் ஆளும் இல்லாமல் தளபதிகள் தானாக இறங்கிவிட மாட்டார்களா?
- ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: இறங்க மாட்டார்கள். உங்கள் கோபம் நியாயமானது, எனக்கும் அதே கோபம் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் வழியில் முதல் அடி விழுவது தளபதியின் தலையில் இல்லை.

1990 ஆகஸ்டில் குவைத்தைப் பிடித்துக்கொண்ட ஈராக்கின் வியாபாரத்தை ஐ.நா. முடக்கியது. குவைத்தில் மாட்டிக்கொண்ட நம் ஆட்களுக்கு 'விஸ்வ சித்தி' கப்பலில் உணவு அனுப்பக்கூட ஐ.நா. குழுவின் அனுமதி வேண்டியிருந்தது. ஈராக் அதிபர் சதாம் உசேன் என்ன செய்தார்? நாடு முழுக்க ரேஷன் கொண்டுவந்தார். மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை எல்லாம் அரசாங்கம் அளந்து போட்டால்தான் உண்டு என்று ஆயிற்று. கார்டு பறிபோனால் பிள்ளைகள் பட்டினி என்று பயந்து கிடப்பவர்கள் எப்படித் தெருவில் இறங்குவார்கள்? தடை அவருடைய பிடியை இறுக்கிக் கொடுத்தது. 2003இல் அவரை இறக்கியது அமெரிக்கப் படை.

வெளியேறுவதைப் பற்றிக் கியூபாவைக் கேளுங்கள். 1980இல் மாரியல் துறைமுகத்தை ஃபிடல் காஸ்ட்ரோவே திறந்துவிட்டார். சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள். போனவர்களில் ஆட்சி பிடிக்காதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் படகேறியதும் அவருக்குத் தலைவலி குறைந்தது. 1962இல் அமெரிக்கா போட்ட தடையும் கூடவே இருந்தது. 2016இல் அவர் இறந்தபோதும் அதே கட்சிதான் ஆட்சியில் இருந்தது.

மியன்மார் தளபதிகளும் இந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள்தான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்ததும், இளைஞர்கள் பாஸ்போர்ட் அலுவலகங்களிலும் தாய்லாந்து தூதரக வாசலிலும் குவிந்தார்கள். அதற்கு முன்பே, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் சம்பளத்தில் கால்பங்கை அரசு அங்கீகரித்த வழியில்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி போட்டாயிற்று. ஓடிப் போகிறவனின் பணத்திலும் கை வைக்கிறார்கள். வெளியே போன பலர் எதிர்ப்புப் படைகளுக்கு விடாமல் பணம் அனுப்புகிறார்கள் என்பதும் உண்மை. அது பெரிய உதவி. ஆனால் அதை வாங்கிச் செலவழித்துப் போராட உள்ளே ஆட்கள் இருக்க வேண்டுமே. உயிருக்குப் பயந்து வருபவனுக்கு அடைக்கலம் கொடுப்பது நம் கடமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆட்சியைக் கவிழ்க்கும் வழி என்று மட்டும் அதை நினைக்காதீர்கள்.

உள்ளே இருப்பவர்கள் கூடி நின்றால்தான் காரியம் நடக்கும் என்பதற்கு நம் சீமையிலேயே சான்று இருக்கிறது. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். அதை எதிர்த்துப் பேசியவருக்கு ஊர் நாவிதர் சவரம் செய்ய மறுத்தார். சில நாட்களில் நிர்வாகம் கூலியை உயர்த்தியது. மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அந்தப் புறக்கணிப்பு ஊர்க்காரர்கள் தாங்களே கூடி எடுத்த முடிவு. மியன்மாரிலும் 2021இல் அதுதான் நடந்தது. டாக்டர்கள், வாத்தியார்கள், ரயில்வே ஊழியர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். ராணுவத்துக்குப் பங்குள்ள பீரைக் கடைகள் விற்க மறுத்தன. கூட்டாளியான ஜப்பான் நிறுவனம் கடைசியில் விலகிக்கொண்டது.

தென்னாப்பிரிக்காவில் தடை வேலை செய்ததே என்பீர்கள். செய்தது. இந்தியா 1946லேயே அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியது. ஆனால் 1959இல் புறக்கணிக்கச் சொல்லிக் கேட்டவர் அங்கேயே இருந்து போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் லுத்துலி. 80களில் தடைகள் இறுகிய நேரத்தில் உள்ளே தொழிற்சங்கங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அடிபடுகிறவர்களே கேட்டார்களா, கேட்டதைத் தாங்கி நிற்க அவர்களிடம் ஓர் அமைப்பு இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

சரி, உளுந்துக்கு வருவோம். நம் பக்கத்து உளுந்தஞ்சோற்றிலும் களியிலும் பர்மா உளுந்து கலந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. 2021இல் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. விளைவிப்பவர்கள் பகோ, ஐராவதி பக்கத்துச் சம்சாரிகள். ஏற்றுமதி டாலரில் ஒரு பங்கை அரசு நிர்ணயித்த மட்ட விலைக்கு மாற்றச் சொல்லி ராணுவம் பிடுங்குகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் உளுந்தை நிறுத்தினால் முதலில் சாவது அந்தச் சம்சாரிதான். 2003இல் அமெரிக்கா இறக்குமதியைத் தடுத்தபோது அங்கே பல்லாயிரம் தையல் தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலையிழந்தார்கள். ராணுவத்தின் பெரிய வருமானம் தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் குழாயில் போகும் எரிவாயு. அதையும் விமான எரிபொருளையும் முடக்குங்கள் என்று அங்குள்ள எதிர்ப்பாளர்களே கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மியன்மாரின் அரசு எரிவாயு நிறுவனத்துக்கு 2022இல் தடை போட்டது. இந்த மாதிரித் தடையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

அப்புறம் நம் வீட்டு விஷயம் ஒன்று. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்தியாவிலிருந்து 5.1 கோடி டாலர் மதிப்புக்கு ஆயுதங்களும் அது சார்ந்த பொருட்களும் மியன்மாருக்குப் போயிருக்கின்றன என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாத அறிக்கையில் சொன்னார். அனுப்பியவற்றில் அரசு நிறுவனங்களும் உண்டு. உளுந்து மூட்டையைத் தடுக்கும் முன் இதைத் தடுக்கச் சொல்லி உங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதுங்கள். நகலை எங்களுக்கு அனுப்புங்கள். அவர் சொல்லும் பதிலோடு சேர்த்து இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.