குடியரசுத் தலைவரை நாம் ஏன் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை?

நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் நமக்காக ஓட்டுப் போடுவதே மறைமுகத் தேர்தல். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும், டெல்லி, புதுச்சேரி உட்பட எல்லாச் சட்டமன்றங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு இல்லை.

காரணம், ஆட்சியை நடத்துவது பிரதமரின் அமைச்சரவை. குடியரசுத் தலைவரும் நாடு முழுக்க ஓட்டு வாங்கி வந்தால், ஒரே வாய்க்காலுக்கு இரண்டு நீராணிக்கம் (தண்ணீர் பங்கிடும் பொறுப்பு) வைத்த கதையாகிவிடும்.

சுவாரசியம் ஓட்டின் மதிப்பில்தான். நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் கால் வைத்தால் காரைக்கால், அதாவது புதுச்சேரி. இந்தப் பக்கம் நாகப்பட்டினம் சட்டமன்ற உறுப்பினரின் ஓட்டு மதிப்பு 176. அந்தப் பக்கம் வெறும் 16! மாநிலத்தின் 1971 மக்கள்தொகையைத் தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் இது கிடைக்கும். பாய வேண்டிய நிலத்தைப் பார்த்து மதகின் அகலத்தை வைப்பதில்லையா, அப்படித்தான். (பழைய கணக்கு ஏன்? குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாதே.) நாடாளுமன்ற உறுப்பினரின் ஓட்டுக்கு 2022இல் மதிப்பு 700.

கட்சிக் கொறடா சொன்னபடிதான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இது ரகசிய வாக்கெடுப்பு, கொறடா உத்தரவு இங்கே செல்லாது.