கேள்வி – பதில்: வெளிறிய சிவப்பு

கேள்வி: பிரான்ஸின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஜூரா பகுதியில், அர்புவா என்ற சிற்றூருக்கு அண்மையில் சென்றிருந்தோம். சிவப்பு ஒயின் கேட்ட எங்களுக்கு, கோப்பையைப் பிடித்த விரல்கள் மறுபக்கம் தெரியும் அளவுக்கு வெளிறிய ஒன்றை ஊற்றிக் கொடுத்தார்கள். அதில் தண்ணீர் கலந்திருந்தார்களா, அல்லது ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயினையே சிவப்பு என்று சொல்லித் தந்துவிட்டார்களா?

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் குடித்தது பெரும்பாலும் பூல்சார் என்னும் திராட்சையிலிருந்து எடுத்த ஒயினாக இருக்கும். அதன் இயல்பே அந்த வெளிறிய நிறம். கறுப்புத் திராட்சை ஒன்றை விரலிடையில் பிதுக்கிப் பார்த்தால், வெளியே வரும் சாறு பெரும்பாலும் நிறமற்றதாகவே இருக்கும். நிறமும் துவர்ப்பில் ஒரு பகுதியும் தோலில்தான் உள்ளன. சாறு தோலோடு சேர்ந்து ஊறி நொதிக்கும்போதுதான் அவை ஒயினில் இறங்குகின்றன. ரோஸே செய்பவர்கள் சில மணி நேரத்திலேயே சாற்றைத் தோலிலிருந்து பிரித்துவிடுவார்கள். பூல்சாரையோ மற்ற சிவப்பு ஒயின்களைப் போலவே நாள்கணக்கில், சிலர் வாரக்கணக்கில்கூட, தோலோடு ஊற வைக்கிறார்கள். அப்படியும் நிறம் ஏறுவதில்லை. ஏனெனில் அதன் பழம் பெரியது, தோல் மிக மெல்லியது, அத்தோலில் இருக்கும் நிறமியும் குறைவு. ஆகவே செய்முறையால் அது சிவப்பு ஒயின், பார்வைக்கு மட்டுமே ரோஸே. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது எப்படியோ, அப்படித்தான் கறுத்தது மட்டுமே நல்ல சிவப்பு ஒயின் என்று நம்புவதும்.

ஜூராவின் சிவப்பு ஒயின்கள் எல்லாமே இப்படி வெளிறியவை என்றும் எண்ணிவிட வேண்டாம். துரூசோ என்னும் மற்றொரு உள்ளூர்த் திராட்சை தடித்த தோலுடையது. சற்று ஆழ்ந்த நிறமும் மிளகின் காரமும் தருவது. வெப்பம் வேண்டுகின்ற வகை என்பதால், அதைச் சரளை கலந்த, சூடேறும் மண்ணில் நடுகிறார்கள். அர்புவாவுக்கு அருகிலுள்ள மோந்தின்யி லெ ஆர்சூர் என்ற ஊர் அதற்குப் பெயர்பெற்றது. மூன்றாவதாக, மேற்கே உள்ள பர்கண்டியிலிருந்து வந்த பினோ நுவாரும் இங்கு விளைகிறது. பூல்சாருக்குப் புகழ்பெற்ற ஊர் புபிலான். அவ்வூரார் அதைப் பிடிவாதமாகப் ப்ளூசார் என்றே எழுதுவார்கள். இம்மூன்றில் எனக்குப் பிடித்தது பூல்சார்தான். துரூசோவைப் போன்ற ஒயினை வேறு இடங்களிலும் தேடிப் பிடித்துவிடலாம்; பூல்சாருக்கு மாற்றுக் கிடைப்பது கடினம்.

கேள்வி: அங்கே சிவப்பு ஒயினை முதலில் தந்துவிட்டு, வெள்ளை ஒயினைப் பிறகுதான் தந்தார்கள். இது முறை மாறிய செயல் அல்லவா?

பதில்: ஜூராவில் அதுதான் முறை. அப்பகுதியின் வெள்ளை ஒயின்களில் ஒன்றான மஞ்சள் ஒயின், பீப்பாயில் குறையும் அளவை நிரப்பாமல், மேலே ஈஸ்ட் ஆடை படர விட்டு, அறுவடைக்குப் பிந்தைய ஆறாம் ஆண்டின் டிசம்பர் வரை வைக்கப்படுவது. அதன் அக்ரூட் பருப்பு மணத்தை முதலில் நாவில் ஏற்றிக்கொண்டவருக்குப் பின்னர் வரும் பூல்சார் வெறும் நீராகவே தோன்றும்.

கேள்வி: லூயி பாஸ்டர் அர்புவாவில் ஒயின் ஆய்வு செய்தார் என்று படித்தேன். அவருக்கும் அவ்வூருக்கும் என்ன தொடர்பு?

பதில்: பாஸ்டர் 1822ஆம் ஆண்டு அருகிலுள்ள தோல் (Dole) என்ற ஊரில் பிறந்து, அர்புவாவில் வளர்ந்தவர். ஒயின் ஏன் கெட்டுப்போகிறது என்று கண்டறியுமாறு பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதை அடுத்து, 1860களில் அவர் தம் ஆய்வை இங்கேதான் மேற்கொண்டார். 1874ஆம் ஆண்டு ஊருக்கு வெளியே ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தையும் வாங்கினார். மேலே திராட்சைத் தோலைப் பற்றிச் சொன்னதன் மறுபாதி அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது. நொதித்தலைத் தொடங்கிவைக்கும் ஈஸ்ட் பழத்தினுள்ளே தானாகத் தோன்றுகிறதா, வெளியிலிருந்து தோலின் மேல் வந்து படிகிறதா என்ற விவாதம் 1878ஆம் ஆண்டு சூடுபிடித்தபோது, பழம் முற்றுவதற்கு முன்பே கொடிகள் சிலவற்றின் மேல் கண்ணாடிக் கூடங்களை எழுப்பி, உள்ளிருந்த குலைகளில் சிலவற்றைப் பஞ்சாலும் சுற்றி வைத்தார். இலையுதிர்காலத்தில் அவற்றைப் பறித்து நசுக்கியபோது, திறந்தவெளியில் விளைந்த திராட்சை வழக்கம்போல் நொதித்தது. மூடி வளர்த்தது நொதிக்கவில்லை. நிறத்தைப் போலவே ஈஸ்டையும் சாற்றுக்குக் கொண்டுசேர்ப்பது தோல்தான் என்பது அதனால் தெளிவாயிற்று.

கேள்வி: இத்தனை பழமை இருந்தும் ஜூரா ஒயின் ஏன் அதிகம் அறியப்படவில்லை?

பதில்: பரப்பு சிறியது என்பதே முதல் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 20,000 ஹெக்டேராக இருந்த தோட்டங்கள், வேரை அரிக்கும் ஃபிலோக்சரா பூச்சி வந்தபின் அழிந்து, இன்று சுமார் 2,000 ஹெக்டேரில் நிற்கின்றன. 1936ஆம் ஆண்டு மே மாதம், விளையும் இடத்தின் பெயருக்குப் பிரான்ஸ் சட்டப் பாதுகாப்பு வழங்கத் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே அர்புவா இடம்பெற்றது. ஆனாலும் தோட்டங்கள் பழைய பரப்புக்குத் திரும்பவில்லை. போதாக்குறைக்கு, பூல்சார் முந்தித் துளிர்க்கும் கொடி. வசந்தத்தின் பின்பனியில் ஒரே இரவில் துளிர்கள் கருகிப்போகக்கூடும்.

கேள்வி: வாங்கி வந்த பூல்சார் குப்பியைத் திறந்ததும் அணைந்த தீக்குச்சியின் நெடி வந்தது. கெட்டுவிட்டதா?

பதில்: அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம். காற்றுப் படாமல் அடைபட்டிருந்த பூல்சாரில் இந்த நெடி அடிக்கடி வருவதுண்டு. வாயகன்ற குடுவையில் ஊற்றி அரைமணி நேரம் விட்டால் பெரும்பாலும் அகன்றுவிடும். அதன்பின் சிவந்த சிறு பழங்களின் மணம் எழும். சுமார் 14 டிகிரி குளிர்ச்சியில் பருகுவது நல்லது. அடுத்த குப்பியைச் சில ஆண்டுகள் வைத்திருந்தீர்களானால், சிவப்பு மேலும் மங்கி வெங்காயச் சருகின் நிறத்துக்கு வந்திருக்கும். அப்போதும் தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்று ஐயுற வேண்டியதில்லை.