மரினின் முழங்காலும் அம்மணியின் மட்டையும்

கேள்வி: எங்க அம்மணி பத்தாவது படிக்கிறாள். ஆறு வருஷமாக ஷட்டில் ஆடுகிறாள், மாவட்டப் போட்டியில் இரண்டு முறை ஃபைனல் வரை போயிருக்கிறாள். பாரிஸ் ஒலிம்பிக்கில் கரோலினா மரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுததை டிவியில் பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் பயம். மூன்று முறை கால் போய் அந்தப் பெண் அப்படி என்ன சாதித்தார்? ப்ளஸ் ஒன்னில் நிறுத்திவிடலாம் என்று என் அம்மாவும் சொல்கிறார், சேர்க்கப்போகிற ஸ்கூலிலும் சொல்கிறார்கள். சரிதானே?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: சரியில்லைங்க.

என்ன சாதித்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளிர் ஒற்றையரில் மூன்று முறை உலகச் சாம்பியன் ஆன முதல் வீராங்கனை அவர், 2014, 2015, 2018. 2016 ரியோ ஒலிம்பிக் ஃபைனலில் நம் சிந்துவிடம் முதல் கேமை 19-21 என்று விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் 21-12, 21-15 என்று எடுத்துத் தங்கம் வாங்கினார். ஆசியாவுக்கு வெளியே இருந்து ஒரு பெண் அந்தத் தங்கத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் ஷட்டில் என்றால் என்னவென்றே பெரிதாகத் தெரியாத ஸ்பெயினிலிருந்து, சின்ன வயதில் ஃபிளமெங்கோ நடனம் ஆடிக்கொண்டிருந்த பிள்ளை.

இப்போது முழங்கால். 2019 ஜனவரி, ஜகார்த்தாவில் சாய்னாவோடு ஃபைனல், முன்னிலையில் இருந்தபோது வலது முழங்காலில் ஏசிஎல் என்கிற லிகமென்ட், அதாவது முட்டி எலும்புகளை இழுத்துப் பிடிக்கிற நார், கிழிந்தது. அதே வருஷம் செப்டம்பரில் சீனா ஓப்பன் போட்டிக்குப் போய், ஃபைனலில் தைவானின் தாய் சூ யிங்கைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது இடது முழங்கால். அதற்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, முப்பது வயதில், 2024 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து என்கிற பெரிய ஷட்டில் போட்டியில் பட்டம். நீங்கள் பார்த்த பாரிஸ் அரையிறுதி அதற்கு ஐந்து மாதம் கழித்து. முதல் கேமை 21-14 என்று ஜெயித்து, இரண்டாவதிலும் முன்னால் இருந்தார். வலது கால் மடங்கி விழுந்த பிறகும் முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு பாயின்ட் ஆடிப் பார்த்தார், முடியாமல் விலகினார். எதிரில் நின்ற சீனாவின் ஹி பிங்ஜியாவ் மறுநாள் வெள்ளி வாங்க மேடை ஏறும்போது மரினுக்காக ஸ்பெயின் கொடி போட்ட சின்ன பின் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் டிவியை அதற்கு முந்தின நாளே அணைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. குதித்துத் திரும்புகிற விளையாட்டுகளில் இந்த லிகமென்ட் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஷட்டிலில் ஆபத்தான இடம், பேக்ஹேண்ட் பக்க, அதாவது மட்டை பிடிக்காத கைப்பக்க, மூலைக்குப் பின்னால் போய்த் தலைக்கு மேல் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவது. மட்டை பிடிக்காத பக்கத்துக் கால்தான் அந்தப் பாரத்தை வாங்கும். மரின் இடது கைக்காரர், அவருக்கு வலது முழங்கால் இரண்டு தடவை போனதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் இதற்கு வழி உண்டு. முட்டியை மடக்கி இறங்கப் பழக்க வேண்டும், தொடையின் பின்பக்கச் சதையை வலுவாக்க வேண்டும், களைத்துப்போன பிள்ளையை அதற்குமேல் ஆடவிடக் கூடாது.

போன மாதம் ஈரோட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். சிமென்ட் தரைக்குப் பச்சை பெயின்ட். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, காலில் தடிமனான ரன்னிங் ஷூ, ஒவ்வொரு ஸ்மாஷுக்கும் முட்டியை மடக்காமல் டொம் டொம்மென்று இறங்குகிறாள். பக்கத்தில் அவளுடைய அப்பா, விலை உயர்ந்த மட்டையை எனக்குப் பெருமையாக எடுத்துக் காட்டுகிறார். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது பிடிமானமுள்ள ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷட்டில் ஷூவும், இறங்கக் கற்றுக்கொடுக்க ஒரு ஆளும்தான். அண்ணா, உங்கள் அம்மணி காலில் என்ன ஷூ?

அப்புறம், ஸ்கூல்காரர்கள் நிறுத்தச் சொல்வது முழங்காலுக்காக இல்லை, மார்க்குக்காக. நம் பக்கத்தில் ப்ளஸ் ஒன் வந்தால் மட்டை பரணுக்குப் போய்விடுகிறது, அதற்கு மரின் மேல் பழி போட வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த ஷட்டில் வீராங்கனை துளசிமதி முருகேசன். இடது கைப் பாதிப்போடு ஆடுகிறவர், தினக்கூலிக்குப் போன அப்பாதான் ஆடக் கற்றுக்கொடுத்தவர். கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே, மரின் விழுந்த அதே பாரிஸில், அடுத்த மாதமே மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். படிப்பும் ஆட்டமும் சேர்ந்து ஓடுமா என்று கேட்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் கேள்வியில் உங்கள் அம்மா பேசுகிறார், ஸ்கூல் பேசுகிறது, நீங்கள் பேசுகிறீர்கள். ஆறு வருஷம் ஆடியவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள். நிறுத்துகிறேன் என்று அவளே சொன்னால் நிறுத்துங்கள், நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆடுகிறேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய் முதலில் ஷூவை மாற்றுங்கள்.